காக்காவுக்கு மூளை இல்லையா? 100 வருடத் தப்பைத் திருத்திய சாயம்!

2002-ம் ஆண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். குழாய்க்குள் ஒரு குட்டி வாளி, அதில் இறைச்சித் துண்டு. எடுப்பதற்குக் கொக்கிக் கம்பி ஒன்று, நேர்க் கம்பி ஒன்று. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலிருந்து வந்த இரண்டு காக்காக்கள் அங்கே இருந்தன. கொக்கிக் கம்பியை ஆண் காக்கா ஏபெல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெண் காக்கா பெட்டி என்ன செய்தது தெரியுமா? நேர்க் கம்பியைத் தானே வளைத்து, வாளியை மேலே இழுத்துவிட்டது!

பானையில் கல் போட்ட காக்கா கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால், அன்றைய மூளைப் பாடப்புத்தகங்களுக்கு இது சங்கடம். அவற்றில் இருந்த பெயர்களின்படி, பறவைக்கு யோசிக்கும் மூளையே கிட்டத்தட்டக் கிடையாது.

இந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்தவர், ஜெர்மனியின் லுட்விக் எடிங்கர். நம் மூளையின் மேற்பரப்பில் அடுக்கடுக்காக இருக்கும் புறணிதான் யோசிக்கும் இடம். அதற்கு அடியில் இருப்பது ஸ்ட்ரையேட்டம். பழக்கம், உடல் அசைவு எல்லாம் அதன் டிபார்ட்மென்ட். பறவை மூளையிலோ அடுக்குகள் இல்லை, கொத்துக் கொத்தாக செல்கள். அதனால் பெரும்பகுதி ஸ்ட்ரையேட்டம்தான் என்று எடிங்கர் முடிவுகட்டினார். 1900-களின் தொடக்கத்தில் வைத்த பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன.

பார்வைக்கு உப்பும் சர்க்கரையும் ஒன்றுதான். நாக்கில் வைத்தால்தானே தெரியும்? 1960-களில் விஞ்ஞானிகள் செய்தது அதைத்தான்.

பாலூட்டிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் அதிகம். அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை உடைக்கும் என்சைமும் அங்கே ஏராளம். மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, அந்த என்சைம் இருக்கும் இடம் மட்டும் கறுக்கும்படி சாயம் ஏற்றலாம். அமெரிக்காவின் ஹார்வி கார்ட்டன் போன்றவர்கள் இப்படிப் பறவை மூளையை ஆராய்ந்தார்கள். எடிங்கர் சொன்னது சரியென்றால், பெரும்பகுதி கறுத்திருக்க வேண்டும். அடியில் ஒரு சின்னப் பகுதிதான் கறுத்தது! டோபமைனைத் தேடினாலும் அதே இடம்தான். மேலே இருந்த மிச்சமெல்லாம் நம் புறணிக்குச் சொந்தக்காரர்கள்.

ஆனாலும் பெயர் மாற 40 வருடம் ஆனது (அரசாங்க கெஜட்டே தேவலாம்). பெட்டி கம்பி வளைத்த அதே 2002-ல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடினார்கள். புதிய பட்டியல் 2004-ல் வந்தது. 'நியோஸ்ட்ரையேட்டம்' இப்போது 'நிடோபாலியம்'. லத்தீனில் 'நிடஸ்' என்றால் பறவைக்கூடு!

சரி, மூளை சின்னதுதானே? 2016-ல் அதையும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். ஒரே எடையுள்ள மூளையை எடுத்துக்கொண்டால், குரங்கினத்தைவிட கிளி, காக்கா இனங்களுக்கு நியூரான்கள் சராசரியாக இரண்டு மடங்கு.