பேரில்லாத உளியும் பேராசைக் கீறலும்

இரண்டே நாள் பயணம். அவுரங்காபாத்தில் இறங்கினோம். 2023 முதல் சத்ரபதி சம்பாஜி நகர் என்பது அதன் பெயர். ஊர்ப் பெயர் மாறிற்று. மலையில் செதுக்கிய கலை மாறவில்லை!

முதல் நாள் எல்லோரா. ஒரே மலைச்சரிவில் 34 குகைகள்: பௌத்தம் 12, இந்து சமயம் 17, சமணம் 5. நடுநாயகமாகக் கயிலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துப் பெரும்பணி. கட்டடம் அடியிலிருந்து எழும். இதுவோ முடியிலிருந்து அடிநோக்கிக் குடைந்திறக்கியது. உளி தவறினால் அழித்தெழுத வழியேது?

மறுநாள் அஜந்தா. வாகோரா ஆற்று வளைவில், குதிரை லாடம் போல் சுமார் 30 குகைகள். காட்டில் மறைந்து கிடந்த இவற்றை, 1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஆங்கில அதிகாரி ஜான் ஸ்மித் கண்டார். கண்டவர் செய்ததென்ன? 10ஆம் குகையின் ஓவியத் தூணில் தம் பெயரைக் கீறினார்!

அவர் போய்விட்டார், பழக்கம் போகவில்லை. எல்லோராவில் எங்கள் கண்ணெதிரே ஓர் இளைஞர் சாவியால் சுவரைக் கீற முனைந்தார். முதியவர் ஒருவர் கையைப் பிடித்து, "தம்பி, இது உன் பாட்டன் சொத்து" என்றார். சாவி சட்டைப்பைக்குத் திரும்பியது.

இத்தகைய சேதத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. ஆனால், சட்டம் தடுக்குமுன் நெஞ்சம் தடுக்க வேண்டாமா?

வாழ்நாளெல்லாம் உளி பிடித்த கைகளின் பெயரை நாமறியோம். வந்து பார்த்துப் போகிறவனுக்கு ஏன் இந்தப் பெயர்ப் பசி?