அரங்கம் திறந்தது, அவர் தனியே நுழையவில்லை

1971ஆம் ஆண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் பருவக் கச்சேரி. மேடையின் நடுவே பியானோ முன் ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்திருக்கிறார். அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஜினஸ்டெராவின் கடினமான கான்செர்ட்டோவை அவர் வாசிக்கிறார். பெயர் நட்டாலி ஹிண்டராஸ். பெரிய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றின் வழக்கமான பருவக் கச்சேரியில் தனிக் கலைஞராக வாசித்த முதல் கறுப்பினப் பெண் என்று இசை வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

அப்போது அவர் நாற்பதைக் கடந்திருந்தார். அவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? திறமைக் குறைவா?

1927இல் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் நகரில் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை ஜாஸ் கலைஞர். தாய் பியானோ ஆசிரியை. எட்டு வயதில் மேடையேறினார். 1830களிலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட ஊர் ஓபர்லின். அங்குள்ள இசைக் கல்லூரியில் 18 வயதிலேயே பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க்கின் ஜூலியார்டில் ஓல்கா சமராஃபிடமும், பிலடெல்பியாவில் எட்வர்ட் ஸ்டாயர்மனிடமும் பயின்றார். 1954இல் நியூயார்க் டவுன் ஹாலில் தனிக் கச்சேரி நடத்தினார். அமெரிக்க அரசே அவரைக் கலைத் தூதராக வெளிநாடுகளுக்கு அனுப்பியது.

வெளிநாட்டில் நாட்டின் பெருமையைக் காட்ட அவர் வேண்டும். உள்நாட்டின் பெரிய அரங்குகளுக்கோ வேண்டாம். பட்டம் பெற்றதற்கும் பிலடெல்பியா மேடைக்கும் இடையே 26 ஆண்டுகள். இதுதான் நிறவெறியின் கணக்கு.

கறுப்பினத்தவர் ஜாஸ் வாசித்தால் வெள்ளையர் கைதட்டினார்கள். பீத்தோவனையும் ஷோபானையும் வாசிக்க வந்தால் புருவம் உயர்ந்தது. 1939இல் மாபெரும் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கே வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டில் நின்று பாடினார். எந்தக் கருவி யார் கைக்கு, எந்த அரங்கம் யார் காலுக்கு என்பதைப் பிறப்பு தீர்மானிப்பது நமக்கும் தெரியாத கதையல்ல. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒப்புமையை 1946இல் டூ போய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணல் அம்பேத்கரே சுட்டிக்காட்டினார்.

முதல் ஆளாக உள்ளே போனவர்கள் பலர் உண்டு. போனபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் சிலரே. ஹிண்டராஸ் அந்தச் சிலரில் ஒருவர்.

அதே 1971இல் கறுப்பின இசையமைப்பாளர்களின் பியானோ படைப்புகளை மட்டுமே கொண்ட இரட்டை இசைத்தட்டை அவர் வெளியிட்டார். நத்தானியேல் டெட், வில்லியம் கிரான்ட் ஸ்டில், ஜார்ஜ் வாக்கர், ஹேல் ஸ்மித், ஓலி வில்சன் எனப் பல தலைமுறையினர் அதில் இடம்பெற்றனர். கிராமத்து நடனச் சாயலும் உண்டு, மின்னணு ஒலியுடன் பியானோ சேரும் புதுமையும் உண்டு. 'கறுப்பின இசை' என்றால் ஒரே அச்சு என்று நினைத்தவர்களுக்கு அதுவே பதில். இந்த இசையைத் தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் கொண்டுசென்றார். வாசித்ததோடு நிற்காமல் மாணவர்களுக்கு விளக்கியும் சொன்னார்.

பின்னாளில் வாக்கர் தமது பியானோ கான்செர்ட்டோவை ஹிண்டராஸுக்காகவே எழுதினார். இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின இசையமைப்பாளர் அந்த வாக்கர்தான். பரிசு வந்தது 1996இல். அதற்கு கால் நூற்றாண்டு முன்பே அவருடைய சொனாட்டாவை இசைத்தட்டில் பதித்தவர் ஹிண்டராஸ்.

நியூயார்க், கிளீவ்லாந்து, சிகாகோ என்று பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் மேடைகள் பிறகு அவருக்குத் திறந்தன. ஆனாலும் வகுப்பறையை அவர் விடவில்லை. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இறுதிவரை பியானோ கற்பித்தார். 1987இல் தமது 60ஆம் வயதில் மறைந்தார்.

மேடை ஒருவருக்குக் கிடைப்பது வெற்றி. ஆனால் கச்சேரி முடிந்ததும் விளக்கு அணைந்துவிடும். பாடத்திட்டத்திலும் இசைத்தட்டிலும் மாணவர் விரல்களிலும் ஏறியது அப்படி அணைவதில்லை. ஹிண்டராஸ் இதை அறிந்திருந்தார். நம் பறைக்கும், அதை வாசிக்கும் கலைஞர்களுக்கும் இசைக் கல்லூரிகளில் நிரந்தர இடம் கேட்போருக்கு அவர் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது: உள்ளே போவது பாதி வேலை. நம் இசையையும் நம் பிள்ளைகளையும் உள்ளே அழைத்துப் போவதுதான் மீதி.