உங்களுக்குத் தெரியுமா? மாவுப்பூச்சியை அடக்கிய குட்டிக் குளவி

பப்பாளி இலையின் அடிப்புறத்தில் வெள்ளை மாவு அப்பியதுபோல் தெரிவது நோயல்ல, பூச்சிக் கூட்டம். சாறு உறிஞ்சும் பெண் பூச்சிக்குச் சிறகே கிடையாது; ஆணுக்கு உண்டு. மிஞ்சிய சர்க்கரையைப் பெண் பூச்சி தேன்துளியாகக் கழிக்கும். அதை நக்க எறும்பு வரும். அந்தத் தேன்துளிமேல் கரும்பூசணம் படரும்.

மெக்சிகோ பக்கத்துப் பூச்சி இது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களையும் பாழாக்கியது. உடலெங்கும் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. கடைசியில் காப்பாற்றியது ஒரு குட்டிக் குளவி! போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் வரவழைத்த அசெரோஃபேகஸ் பப்பாயே, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகி, ஓட்டை போட்டு வெளியேறும். ஓட்டை விழுந்த கூடுகளை இலையில் கண்டால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். குளவியும் சேர்ந்து செத்துவிடும்.