தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸ்

தேனீ வளர்ப்பு விவசாயிகளுக்கு ஏற்றதோர் உபதொழில். தேனும் மெழுகும் தருவதுடன், மகரந்தச் சேர்க்கையால் விளைச்சலையும் பெருக்குவது தேனீ. இத்தொழிலுக்குப் பெருங்கேடு விளைத்தது ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய். 1976-ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட இந்நோய், 1991-92-ல் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பகுதியை அழித்தது. எனவே இதன் இயல்பைத் தேனீ வளர்ப்போர் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வைரஸின் மரபுச் செய்தி, ஏறத்தாழ 8,800 எழுத்துக்கள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழையில் அடங்கியுள்ளது. தேனீயின் உயிரணுவில் டி.என்.ஏ.யிலுள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும், பின்னரே புரதம் உண்டாகும். வைரஸின் இழையோ தானே அச்செய்தியாக அமைந்துள்ளது. ஆகவே, அது உள்ளே நுழைந்ததும், புழுவின் உயிரணு அதனைத் தன் செய்தியென்றே படித்துப் புரதம் செய்யத் தொடங்குகிறது.

முதலில் உண்டாவது ஒரே நீண்ட புரதம். அது பின்னர்ப் பல துண்டுகளாக வெட்டப்படுகிறது. வெட்டும் கருவியும் அப்புரதத்தின் ஒரு பகுதியே. முன்பகுதித் துண்டுகள் வைரஸின் மேலுறையாகின்றன. பின்பகுதித் துண்டுகளுள் ஒன்று ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கிறது. சிலையைக் கொண்டு அச்செடுத்து, அவ்வச்சில் பல சிலைகளை வார்ப்பதுபோல, அது முதலில் எதிர் இழையையும், அதிலிருந்து எண்ணற்ற மூல இழைகளையும் உண்டாக்குகிறது. அவை உறையினுள் அடங்கிப் புதிய வைரஸ்களாகின்றன.

நோயுற்ற புழு கடைசித் தோலை உரிக்க இயலாமல், நீர் நிறைந்த பைபோலாகி மடிகிறது. அதனை அகற்றும் பணித் தேனீக்கள் வைரஸை உட்கொண்டு, ஊட்டும் உணவின் வழியே இளம் புழுக்களுக்கும் பரப்புகின்றன.

வைரஸ் புழுவின் உயிரணுவைக் கொண்டே பெருகுவதால், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இதற்குப் பயன்படா. அவற்றால் பணம் வீணாவதுடன், தேனிலும் மருந்து கலக்கும். தடுப்பே சிறந்த வழி. நோயுற்ற பெட்டியின் அடைகளைப் பிற பெட்டிகளுக்கு மாற்றலாகாது. கருவிகளைத் தூய்மை செய்தல் வேண்டும். நோயைத் தாங்கி நின்ற வலுவான கூட்டங்களையே பிரித்துப் பெருக்குதல் நலம். ஓர் ஊரில் நோய் தோன்றின், அங்கிருந்து பெட்டிகள் வெளியே செல்லாதவாறு பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அனைவருக்கும் எடுத்துரைப்பாராக. ஒருவர் பெட்டியைக் காப்பது ஊரார் அனைவரின் பெட்டிகளையும் காப்பதாகும்.