மொழி படிப்பவருக்கு ஆங்கிலம் எதற்கு?

எம்.ஏ. தமிழோ வங்காளமோ படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நூலகத்துக்குள் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். வங்க மொழியின் வரலாற்றுக்கு அடிப்படை நூல் சுனீதி குமார் சட்டர்ஜி 1926-இல் வெளியிட்டது. அவர் அதை ஆங்கிலத்தில்தான் எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் (1856), பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் (1961) ஆங்கிலமே. தாய்மொழியில் முதல் வகுப்பு வாங்கி வந்த பிள்ளை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன், மொழி ஆசிரியன் அல்லன். ஆனாலும் லேக் மார்க்கெட் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுரையும் கையுமாக என்னிடம் வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண், முப்பது பக்கக் கட்டுரையில் மூன்று நாளில் நாலு பக்கம்தான் தாண்டியிருந்தாள். வரிக்கு வரி மேலே பென்சிலில் தமிழ் அர்த்தம். "மாமா, பேசாமல் இதை விட்டுவிட்டு ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்துவிடட்டுமா?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண். குறை அவள் அறிவில் இல்லை, படிக்கும் முறையில்தான்.

இந்தத் தொல்லை இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய 1917-இல் அமைந்த சாட்லர் கமிஷன், கல்லூரிக்கு வரும் மாணவர்களின் ஆங்கிலம் விரிவுரையைப் பின்தொடரவே போதவில்லை என்று கண்டது. அதன்பின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பையன்களை வைத்தே ஆராய்ந்து 1926-இல் ஒரு நூல் எழுதினார். பேசக் கற்றுக்கொடுப்பதற்கு முன் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பது அவர் கட்சி. பாதியில் படிப்பை நிறுத்துகிறவனுக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் அல்லவா? அதற்கு அவர் சொன்ன பெயர், நம் எல்.ஐ.சி. பாலிசியில் வருகிற அதே 'சரண்டர் வால்யூ'!

வெஸ்ட் 1953-இல் சுமார் இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் அதன்மேல் ஏறி, கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களைத் திரட்டினார். எந்தத் துறைக் கட்டுரையானாலும் நூறு சொல்லில் ஏறக்குறைய 76 முதல் பட்டியலிலும், 10 இரண்டாவதிலும் அடங்கிவிடுகின்றன. ஆகவே அகராதி முழுவதையும் நெட்டுருப் போட வேண்டாம். இந்த 570-ஐ, நாளுக்கு ஐந்து வீதம் என்றால், நாலு மாதத்தில் முடித்துவிடலாம்.

சொல் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாததற்குக் காரணம் வேறு. நம் மொழியில் அடைமொழிகள் முன்னே வரும், பெயர் பின்னே வரும். "தஞ்சாவூரில் கிடைத்த ஓலையில் எழுதியிருந்த பாட்டு" என்கிறோம். வண்டிகளையெல்லாம் பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுகிற மாதிரி. ஆங்கிலத்தில் 'பாட்டு' என்ற எஞ்சின் முதலில் வந்துவிடும், பெட்டிகள் பின்னால் தொடரும். வாக்கியத்தின் வினைச்சொல்லோ நமக்குக் கடைசியில், அவர்களுக்கு நடுவில். ஆகவே நீண்ட வாக்கியத்தைக் கண்டால் முதலில் எழுவாயையும் முற்றுவினையையும் தேடி அடிக்கோடிடச் சொன்னேன். மற்றவை பெட்டிகள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, அறிஞர்கள் வினையைப் பெயராக்கி விடுவார்கள். "ஒலி மாறியது" என்பது "ஒலியின் மாற்றம்" ஆகிவிடும், அதன்மேல் இன்னொரு பெயர் தொங்கும். அதைத் திரும்ப வினையாக்கி, யார் என்ன செய்தார் என்று கேட்டால் பாதி மூட்டம் விலகிவிடும்.

கட்டுரையை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்கவும் தேவையில்லை. சுருக்கம், முன்னுரை, முடிவுரை, பிறகுதான் நடுப்பகுதி. ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் காட்டியபடி, ஆய்வு முன்னுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன: இந்தத் துறை முக்கியமானது, இதுவரை இன்னது செய்திருக்கிறார்கள், இன்ன இடத்தில் குறை இருக்கிறது, அதை நான் நிரப்புகிறேன். அந்தக் "குறை இருக்கிறது" என்ற வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரை எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். அந்தப் பெண் பூஜை விடுமுறைக்குள் முப்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டாள். கம்ப்யூட்டர் கோர்ஸ் பேச்சு இப்போது இல்லை.

எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மாதிரி ரயில் விபத்து விசாரணை அறிக்கை. பார்த்தது தனி, சாட்சி சொன்னது தனி, அதிலிருந்து நாம் ஊகித்தது தனி. மூன்றையும் கலந்தால் அறிக்கை செல்லாது. மொழிக் கட்டுரையும் அப்படித்தான். ஐந்து பேரிடம் கேட்டுவிட்டு "தமிழர்கள் இப்படிப் பேசுகிறார்கள்" என்று எழுதக்கூடாது. 'மே', 'சஜஸ்ட்ஸ்', 'அப்பியர்ஸ்' போன்ற சொற்களை ஆங்கிலப் பேராசிரியர்கள் தூவுவது பயத்தினால் அல்ல. சான்று தாங்கும் எடைக்குமேல் பாரம் ஏற்றாத எச்சரிக்கை அது.

பிறர் சொன்னதை எடுத்தால் பெயரும் ஆண்டும் பக்கமும் போட வேண்டும். வாக்கியத்தை அப்படியே இறக்கி நாலு சொல்லை மாற்றுவது நம் பிள்ளைகளிடம் சாதாரணமாக இருக்கிறது. திருட்டு எண்ணம் இல்லை, தன் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாததால் வருவது. ஆனால் யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் ஒத்த பகுதி 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதற்கு நான் சொல்வது, பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடி, கருத்தைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். பிறகு அந்தத் தமிழிலிருந்து உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாக்கியம் சின்னதாக வரும், வரட்டும்.

மேலே சொன்ன பழைய நூல்களைத் தேடுவோர் அலிப்பூர் பெல்வெடியரில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போகலாம். சுதந்திர இந்தியாவில் அதன் முதல் நூலகராக இருந்தவர் மயிலாப்பூரில் பிறந்த பி.எஸ். கேசவன். தமிழ் நூல்களுக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு.