சக்கர நாற்காலியுடன் கண்மாய்க் கரைக்கும் மலையடிவாரத்துக்கும்

தண்டுவடக் காயம், பக்கவாதம், தசை நோய், முதுமையின் மூட்டுத் தேய்வு ஆகியவற்றால் சக்கர நாற்காலியைச் சார்ந்து வாழ்வோர் பலருக்கு, வீட்டுக்கு வெளியே உள்ள உலகம் மருத்துவமனை மட்டுமே என்றாகிவிடுகிறது. புறநோயாளர் பிரிவுக்கு வந்து திரும்புவதைத் தவிர வேறு பயணமே இன்றி ஆண்டுகள் கழிகின்றன. "எதற்கு வீண் அலைச்சல்" என்று குடும்பத்தார் கருதுகின்றனர். "என்னால் எல்லோருக்கும் தொல்லை" என்று நோயாளி ஒதுங்கிக்கொள்கிறார். மரமும் நீரும் உள்ள ஓரிடத்துக்கு அரை நாள் சென்றுவர இயலுமா என்று கேட்போருக்கு, பெரும்பாலும் இயலும் என்பதே என் விடை. ஆனால் இடத்தைத் தெரிவு செய்யும் முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஏறிச் சென்று பார்க்கும் இடங்களைத் தவிர்த்து, கீழிருந்தே கண்டு மகிழத்தக்க இடங்களை நாடுவது நல்லது.

மதுரையைச் சூழ்ந்த நிலம் இதற்கு இசைவானது. சமவெளியும், இடையிடையே பாறைக்குன்றுகளும், குன்றின் அடியில் கண்மாயுமாக அமைந்த நாடு இது. மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அங்குள்ள சமணர் படுகையையும் தமிழ் பிராமிக் கல்வெட்டையும் காணப் பாறையில் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் அது இயலாது. ஆனால் அவ்வூரின் தனிச்சிறப்பான லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகியவை பாறை முகடுகளில் தங்கி வானில் வட்டமிடுபவை. அவற்றை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சாலையோரம் நிழலில் அமர்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைப்பவருக்கு, மலையேறியவரைவிடக் குறைவாக எதுவும் கிட்டிவிடாது. கீழக்குயில்குடி சமணர் மலையிலும் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் படியேறுவோருக்கு உரியவை. அடிவாரத்துத் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அனைவருக்கும் உரியவை. அழகர்கோவிலில் பழமுதிர்சோலை வரை வண்டி செல்லும் சாலை உண்டு. காட்டை வண்டியிலிருந்தே காணலாம். அங்கே மடியில் உணவுப் பொட்டலம் வைத்திருக்க வேண்டாம். எழுந்து விலக இயலாதவரைக் குரங்குகள் விரைவில் அறிந்துகொள்ளும்.

முதன்முறை செல்வோர் இவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. கோரிப்பாளையத்துக்கு அருகிலேயே ராஜாஜி சிறுவர் பூங்காவும், மாநகராட்சி வளாகத்தில் எக்கோ பூங்காவும் உள்ளன. ஒரு மணி நேரம் அங்கே கழித்துத் திரும்பினால், நாற்காலி, முதுகு, சிறுநீர்ப்பை ஆகிய மூன்றும் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். அடுத்து வண்டியூர் கண்மாய் போன்ற இடத்தை எண்ணலாம்.

எந்த இடமாயினும், குடும்பத்தில் ஒருவர் முந்தைய நாள் அதே நேரத்தில் சென்று பார்த்துவருதல் நலம். கையில் ஓர் அளவுநாடா போதும். நாற்காலியின் முழு அகலத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 60 முதல் 70 சென்டிமீட்டர் இருக்கும். இருசக்கர வாகனங்கள் நுழையாதிருக்கப் பூங்கா வாயிலில் அமைக்கும் வளைவுக் கம்பிகள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். பெரிய கதவைத் திறந்துவிடக் காவலரிடம் முன்பே கேட்டுவைக்கலாம். சாய்தளம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்பிவிட வேண்டாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே ஏற்கத்தக்க சரிவு. அதைவிடச் செங்குத்தானால், இறங்கும்போது துணைவர் பின்பக்கமாக நடந்து, நாற்காலியையும் பின்னோக்கியே இறக்க வேண்டும். மண்ணிலும் மணலிலும் முன்னிருக்கும் சிறு சக்கரங்கள் புதையும். அப்போதும் பெரிய சக்கரம் முன்செல்லுமாறு பின்னோக்கி இழுப்பது எளிது. கண்மாய்க் கரையில் நிறுத்தும்போது நீரை நோக்கி நிறுத்தாமல் கரைக்கு இணையாக நிறுத்தி, இரு தடுப்பான்களையும் போட்டுவிடுங்கள்.

படிகள் குறுக்கிட்டால் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிச் செல்வது நம் ஊர் வழக்கம். கைப்பிடியும் கால்தாங்கியும் கழன்றுவரக் கூடியவை. அவற்றைப் பற்றித் தூக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அதைவிட, கூட்டத்தின் நடுவே தூக்கப்படுவதை அவர் விரும்புகிறாரா என்று எவரும் கேட்பதில்லை. முதலில் அவரிடம் கேளுங்கள்.

இனி உடலைப் பற்றி. மதுரை வெயில் எல்லோருக்கும் கடுமையானதுதான். ஆயினும் கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் காயமுற்றவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பதில்லை. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாமல் விரைந்து சூடேறும். சிறுநீர்ப்பைக்காகத் தரப்படும் சில மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். எனவே மார்கழி, தை, மாசி மாதங்களின் காலை வேளையே உகந்தது. குடை, ஈரத் துண்டு, நீர் தெளிக்கும் புட்டி ஆகியவை உடன் இருக்கட்டும். உணர்வற்ற பாதம் சூடேறிய கல்தரையில் பட்டால் வலி தெரியாது. மாலையில் கொப்புளம்தான் தெரியும். காலணி அணியாமல் அழைத்துச் செல்லாதீர்கள்.

வெளியே கழிவறை கிடைக்காது என்று அஞ்சி முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவோர் பலர். இது சிறுநீர்த் தொற்றுக்கும் வெப்பத் தளர்ச்சிக்கும் வழிவகுக்கும். குழாயிட்டுச் சிறுநீர் வெளியேற்றுவோர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்வதால், புறப்படும் முன் வெளியேற்றிவிட்டு, அடுத்த முறைக்குள் வீடு திரும்புமாறு பயணத்தை வகுக்கலாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். வழியில் தேவைப்பட்டால் வண்டியின் கதவுகளில் வேட்டியை மறைப்பாகக் கட்டிக்கொள்ளலாம்.

மார்பின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவரின் துணைவர் ஒன்றை மனப்பாடமாகவே அறிந்திருக்க வேண்டும். திடீரெனத் தலை இடிப்பது போன்ற வலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தல் ஆகியவை இரத்த அழுத்தம் அபாயகரமாக உயர்வதன் அறிகுறிகள். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையோ மடங்கிய குழாயோ காரணமாயிருக்கும். படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, குழாயைச் சரிசெய்யுங்கள். தணியாவிடில் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வசதிகள் அமையும்வரை காத்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீள மரப் பாதை 2022 நவம்பர் 27-இல் திறக்கப்பட்டது. கடல் அருகே சென்றிராத பலர் அன்று அலையருகே அமர்ந்தனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. மக்கள் விடாமல் கேட்டதால் வந்த பாதை அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொது இடங்களை அனைவரும் அணுகத்தக்கதாக அமைக்கக் கடமைப்படுத்துகிறது. நீங்கள் சென்ற பூங்காவில் வாயில் குறுகலாக இருந்தால், அளவைக் குறித்து, ஒளிப்படத்துடன் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். அங்கே சென்று திரும்பியவரின் மனுவுக்குத் தனி வலு உண்டு.

நாற்காலியின் மெத்தையை வண்டி இருக்கையிலும் போட்டுக்கொள்ளுங்கள். பயணத்திலும் பூங்காவிலும் அரை மணிக்கு ஒருமுறையேனும் முன்னே சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரு நிமிடங்கள் இருக்கச் செய்ய வேண்டும். வீடு திரும்பியதும் இடுப்பின் அடிப்பகுதி, வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்போ, மாநிற மேனியில் கருமையோ தென்பட்டு, அழுத்தத்தை நீக்கியும் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அது மறையும்வரை அந்தப் பக்கம் உட்கார வைக்காதீர்கள்; மறுநாளும் இருந்தால் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.