கயிற்றை விடாதே!

மெக்சிகோவின் பாதாள நீர்க்குகைகள் சொல்லும் பாடம்

எங்கும் இருட்டு. தலைக்கு மேலே பாறை. காலுக்குக் கீழே பாறை. நடுவே தண்ணீர்.

அந்தத் தண்ணீருக்குள் 3 பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்திப் போகிறார்கள். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். கையில் டார்ச் விளக்கு. குகையின் வாயிலில் இருந்து ஒரு வெள்ளைக் கயிறு அவர்கள் போகும் வழி நெடுகிலும் வருகிறது. பொட்டலம் கட்டும் சணல் அளவுதான் அதன் பருமன்.

அந்தக் கயிறுதான் அவர்களுடைய உயிர்!

ஒரு விளக்கு அணைந்தால் வேறு விளக்கு உண்டு. கயிறு கை நழுவினால், வெளியே வரும் வழியும் நழுவிவிடும்.

இந்த அதிசயக் குகைகள் இருப்பது மெக்சிகோ நாட்டில். அவற்றைப் பார்க்க உலகம் எங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். பார்த்து மகிழ்ந்து, பத்திரமாகத் திரும்புகிறார்கள். ஒரு சிலர் மட்டும் திரும்புவது இல்லை. ஏன்?

ஆறு இல்லாத பூமி

மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கிறது யுகடான் தீபகற்பம். அதன் வட பகுதியில் நன்றாக மழை பெய்யும். ஆனால் தரையில் ஓடும் ஆறு கிடையாது!

பெய்த மழை எங்கே போகிறது?

பூமிக்குள் போகிறது. அங்கே இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் அந்தப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் பாறைக்குள் குகைகள் உண்டாயின. சில இடங்களில் குகையின் கூரை இடிந்து விழுந்தது. அங்கே பெரிய கிணறு போன்ற பள்ளங்கள் தோன்றின. அவற்றுக்கு "செனோத்தே" என்று பெயர். யுகடானில் இவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

அங்கே வாழ்ந்த மாயா மக்களுக்கு இவைதான் குடிதண்ணீர் தந்தன. சிச்சென் இட்சா என்ற அவர்களுடைய புகழ் பெற்ற நகரம், இத்தகைய நீர்ப்பள்ளங்களை நம்பியே எழுந்தது.

சில இடங்களில் ஒரு பள்ளத்தில் இறங்கி, உள்ளே நீந்திப் போனால் இன்னொரு பள்ளத்தில் வெளிவரலாம். பல பள்ளங்கள் பூமிக்கு அடியில் ஒன்றோடு ஒன்று இணைந்து இருக்கின்றன. "சாக் ஆக்துன்" என்ற குகை, பக்கத்துக் குகையுடன் இணைந்து இருப்பதை 2018-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சேர்ந்து அப்போது அதன் நீளம் 347 கிலோ மீட்டர்! அவ்வளவும் தண்ணீர் நிறைந்த சுரங்கம்.

இருட்டில் விழுந்த பெண்

இந்தக் குகைகள் எப்போதும் தண்ணீரில் மூழ்கி இருந்தவை அல்ல. பனியுக காலத்தில் கடல் மட்டம் மிகவும் தாழ்ந்து இருந்தது. அப்போது இவை உலர்ந்த குகைகள். மனிதர்கள் உள்ளே நடந்து போனார்கள்.

2007-ம் ஆண்டில் 3 முக்குளிப்பு வீரர்கள் ஒரு குகைக்குள் நெடுந்தூரம் நீந்திச் சென்றார்கள். திடீர் என்று காலுக்குக் கீழே தரையைக் காணோம். பெரிய இருட்டுப் பள்ளம்! அதற்குக் "கருங்குழி" என்ற பொருளில் "ஓயோ நேக்ரோ" என்று பெயர் வைத்தார்கள்.

பள்ளத்தின் அடியில் விலங்குகளின் எலும்புகள் கிடந்தன. யானையைப் போன்ற பழங்கால விலங்கு. வாள் போன்ற பல் உடைய புலி. அவற்றின் நடுவே ஒரு மனித மண்டை ஓடு!

அது ஓர் இளம் பெண்ணின் எலும்புக் கூடு. வயது 15 அல்லது 16 இருக்கும். அவள் வாழ்ந்தது 12 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. அமெரிக்கக் கண்டத்தில் கிடைத்த மிகப் பழைய எலும்புக் கூடுகளில் அதுவும் ஒன்று. ஆராய்ச்சியாளர்கள் அவளுக்கு "நயா" என்று பெயர் சூட்டினார்கள்.

அவள் எப்படி இறந்தாள்? இடுப்பு எலும்பு முறிந்து இருந்தது. இருட்டில் நடந்து வந்தவள், பள்ளம் இருப்பது தெரியாமல் தவறி விழுந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். தண்ணீர் தேடி வந்தாளோ, என்னவோ!

மேலே போக வழி இல்லை

கடலில் மூழ்குபவருக்கு ஆபத்து வந்தால் மேலே வந்துவிடலாம். குகையில் அது முடியாது. மேலே இருப்பது பாறை. எத்தனை தூரம் உள்ளே போனாரோ, அத்தனை தூரமும் திரும்பி நீந்தினால்தான் காற்று கிடைக்கும்.

இன்னொரு ஆபத்து, வண்டல். குகையின் தரையில் மாவு போன்ற மண் படிந்து இருக்கும். காலில் மாட்டிய ரப்பர் துடுப்பு லேசாகப் பட்டால் போதும். மண் கிளம்பி, கண்ணாடி போன்ற தண்ணீர் ஒரு நொடியில் கலங்கிவிடும். பிறகு எவ்வளவு பெரிய விளக்கு இருந்தும் பயன் இல்லை.

மூன்றாவது, உப்பு. மேலே நல்ல தண்ணீர். அதன் கீழே கடலின் உப்புத் தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தில், எண்ணெய் தடவிய கண்ணாடி வழியே பார்ப்பது போல எல்லாம் மங்கலாகத் தெரியும்.

இந்த நேரங்களில் கைகொடுப்பது கயிறு ஒன்றுதான். அதில் ஆங்காங்கே பிளாஸ்டிக் அம்புக்குறிகள் மாட்டி இருப்பார்கள். அம்பின் முனை, வெளியேறும் பக்கத்தைக் காட்டும். கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் பார்த்து வழியை அறியலாம்.

கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு

இந்த விதிகளை வகுத்தவர்களில் முக்கியமானவர் ஷெக் எக்ஸ்லி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறை கிடைத்தால் நீர்க்குகைக்குப் போய்விடுவார்.

குகைகளில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று அவர் ஒவ்வொரு விபத்தாக ஆராய்ந்தார். 1979-ம் ஆண்டில் அதை ஒரு சிறு நூலாக எழுதினார். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் 3 தவறுகள்தான் என்று அவர் கண்டார். வாயில் வரை நீளும் கயிறு இல்லாமல் போனது. திரும்பி வருவதற்குப் போதிய காற்று வைத்துக்கொள்ளாதது. அளவுக்கு மீறிய ஆழத்துக்குப் போனது.

காற்றுக்கு அவர் வலியுறுத்திய கணக்கு மிகவும் எளிது. சிலிண்டரில் 30 பங்கு காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 பங்கு போவதற்கு. 10 பங்கு வருவதற்கு. மீதி 10 பங்கைத் தொடக் கூடாது.

அந்த 10 பங்கு எதற்கு?

கூட வரும் தோழனுக்கு! உள்ளே இருக்கும்போது அவனுடைய சிலிண்டர் பழுதானால், இருவரும் ஒரே காற்றைச் சுவாசித்து வெளியே வர வேண்டும் அல்லவா? அதற்காகத்தான்.

இந்த மூன்றுடன் பின்னால் இன்னும் 2 விதிகள் சேர்ந்தன. குகைக்கு என்று தனிப் பயிற்சி பெறாதவர் உள்ளே போகக் கூடாது. ஒவ்வொருவரிடமும் 3 விளக்குகள் இருக்க வேண்டும். இன்று உலகம் முழுவதும் குகை முக்குளிப்பவர்களுக்குச் சொல்லித் தரும் பாலபாடம் இதுதான்.

ஆயிரம் அடி ஆசை

யுகடானுக்கு வெகு தூரத்தில், மெக்சிகோவின் வடகிழக்கே இருக்கிறது "சகாடோன்" என்ற நீர்ப்பள்ளம். உலகின் மிக ஆழமான நீர்ப்பள்ளங்களில் ஒன்று.

1994-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி எக்ஸ்லி அங்கே இறங்கினார். கூடவே ஜிம் போடன் என்ற வீரரும் இறங்கினார். ஆளுக்கு ஒரு கயிறு. 1,000 அடி ஆழத்தைத் தொட வேண்டும் என்பது இருவரின் ஆசை.

போடன் 925 அடி வரை போய்விட்டார். இன்னும் 75 அடிதான் பாக்கி. அப்போது காற்றின் அளவைக் காட்டும் கருவியைப் பார்த்தார். நினைத்ததை விடக் காற்று குறைந்து இருந்தது. அவர் மேலும் இறங்கவில்லை. திரும்பினார். பல மணி நேரம் நின்று நின்று மேலே வந்து, உயிர் தப்பினார்.

எக்ஸ்லி வரவில்லை.

சில நாட்களுக்குப் பிறகு கயிற்றை மேலே இழுத்தார்கள். அதில் சிக்கியபடி அவருடைய உடல் வந்தது. அவரிடம் இருந்த கருவி 879 அடி என்று காட்டியது. அவருக்கு வயது 45. அவ்வளவு ஆழத்தில் என்ன நேர்ந்தது என்பது இன்று வரை உறுதியாகத் தெரியாது.

எத்தனையோ பேரின் உயிரைக் காக்க விதி எழுதியவர் அவர். ஆனாலும் தண்ணீர் ஆள் பார்ப்பது இல்லை.

2007-ம் ஆண்டில் ஓர் இயந்திர மனிதனை அனுப்பிச் சகாடோனை அளந்தார்கள். ஆழம் 1,000 அடிக்குச் சற்று அதிகம் என்று தெரிந்தது. உயிரைப் பணயம் வைக்காமலே கிடைத்த விடை!

மலைக்கும் அதே விதி

தண்ணீருக்கு மட்டும் அல்ல, மெக்சிகோவின் மலைகளுக்கும் குகைகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

அந்த நாட்டின் உயரமான சிகரம் பிகோ டி ஒரிசாபா. உயரம் 18,491 அடி. உச்சியில் மூச்சு வாங்கும். கடற்கரையில் கிடைக்கும் பிராண வாயுவில் பாதி அளவுதான் அங்கே கிடைக்கும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே!" என்று ஏறக் கூடாது.

மெக்சிகோ நகரத்துக்குத் தென்கிழக்கே "போபோகாடெபெட்ல்" என்ற எரிமலை இருக்கிறது. "புகையும் மலை" என்று அதற்குப் பொருள். பல ஆண்டுகள் தூங்கிய அந்த மலை, 1994-ம் ஆண்டு டிசம்பரில் விழித்துக்கொண்டது. ஏறக் கூடாது என்று தடை வந்தது. தடையை மீறி ஏறியவர்களில் 5 பேர், 1996-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி எரிமலை வெடித்ததில் மாண்டார்கள். மலை வாயைச் சுற்றி 12 கிலோ மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்பது அங்கே உள்ள கட்டளை. சாலை விளக்கு போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கையும் உண்டு.

குவெட்சாலன் என்ற ஊரில் 2004-ம் ஆண்டு மார்ச்சில் நடந்தது வேறு கதை. குகைக்குள் சென்ற 6 பிரிட்டிஷ்காரர்கள், மழை வெள்ளம் வழியை அடைத்ததால் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் 6 பேரும் பிழைத்தார்கள்! எப்படி? உள்ளே உணவு சேர்த்து வைத்து இருந்தார்கள். அவர்கள் இருக்கும் இடம் வெளியே இருந்த தோழர்களுக்குத் தெரியும். முக்குளிப்பு வீரர்கள் போய் ஒவ்வொருவராக அழைத்து வந்தார்கள். அந்த வீரர்களில் ஒருவரான ரிக் ஸ்டாண்டன்தான், 2018-ல் தாய்லாந்து குகையில் சிக்கிய சிறுவர்களைக் காப்பாற்றவும் சென்றவர்.

குடும்பத்துடன் போகலாமா?

தாராளமாகப் போகலாம். செனோத்தேயில் குளிக்கச் சாகச வீரராக இருக்க வேண்டியது இல்லை. சூரிய ஒளி விழும் திறந்த நீர்ப்பள்ளங்கள் நிறைய உள்ளன. ஆனால் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் லைப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது.

உடம்பில் எண்ணெய், களிம்பு தடவிக்கொண்டு இறங்கக் கூடாது. முதலில் குளித்துவிட்டு வரும்படி சொல்வார்கள். பூமிக்கு அடியில் உள்ள அந்தத் தண்ணீர்தான் ஊர் மக்களுக்குக் குடிதண்ணீர்.

சிலிண்டர் மாட்டிக் குகை முகப்பைப் பார்க்க விரும்புவோர், பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். ஒரு வழிகாட்டியுடன் 4 பேருக்கு மேல் போகக் கூடாது. வெளியே இருந்து வரும் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

பல முறை முக்குளித்தவர், பிறகு 18 மணி நேரமாவது விமானத்தில் ஏறாமல் இருப்பது நல்லது. உயரமான மலைக்கும் உடனே போகக் கூடாது.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். மழை அறிவிப்பைக் கேட்காமல் குகைக்கோ மலைக்கோ போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மெக்சிகோ முழுவதும் அவசர உதவிக்கு டெலிபோன் எண் 911.

பகல் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் இடத்தில், பல குகைகளில் ஒரு பலகை வைத்து இருக்கிறார்கள். அதில் எமனைப் போன்ற எலும்புக் கூட்டின் படம். இதற்கு மேல் போகாதே. உயிரைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை என்று அந்தப் பலகை சொல்கிறது.

பயிற்சி இல்லாதவர் அந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும். அது கோழைத்தனம் அல்ல. வீட்டில் காத்திருப்பவர்களுக்குச் செய்யும் கடமை!